இரண்டு மாலையும் ஒரு கேக்கும்

கோலாலம்பூர் போய் வந்தவர்கள் எல்லாரும் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைக் காட்டுவார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. நானும் என் சிநேகிதி வாணியும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். கோபுரம் இடுப்புவரைதான் விழுந்திருக்கிறது. அதை எடுத்தவள் குமுதா, எங்களை வேனில் வைத்து ஊர் சுற்றிக் காட்டியவள். படம் எடுக்க அவளுக்குச் சுத்தமாக வராது. அவளுக்கு வேறு என்ன வரும் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. விருதுநகர் தொலைபேசி நிலையத்தில் நானும் வாணியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் வாயாடி, அவள் அமைதி. எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அவள் என்னை அடக்கிக் கூட்டிவருவாள். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரியவர்களாகி, பேரப் பிள்ளைகளும் வந்தாயிற்று. வாணி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அவளிடமே கேட்டால், "நேரம் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பந்தல்காரரிடம் பேசியதிலிருந்து தாம்பூலப் பை கட்டியதுவரை எல்லாம் வாணிதான். கலசத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் இவளும் ஆசையாகப் படியேறினாள். ஓர் அத்தைக்காரி கையைப் பிடித்து நிறுத்தி, "ஜோடி ஜோடியாத்தான் ஊத்தணும், நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லும்மா" என்றாள். வாணியும் நின்றாள். திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம், "எனக்கும் அறுபது வரும்டி ராஜம். ஒரு பயலும் கேக்க மாட்டான். பொம்பளைக்கு, அதுவும் தனிக்கட்டைக்கு, அறுபதாவது எழுபதாவது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அத்தைக்காரியை நாலு கேள்வி கேட்காமல் வந்துவிட்டோமே என்று மதுரை தாண்டும்வரை பொருமிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இவளுடைய அறுபதாவது பிறந்தநாளில் இவள் விருதுநகரில் இருக்கக் கூடாது. யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாத ஓர் இடத்தில் ஒரு கேக்காவது வெட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் விமானம் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர். அது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. பிறந்தநாள் நடுவில் விழுகிற மாதிரி மலேசியாவுக்கு டிக்கெட் போட்டேன். வாணிக்குச் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் குமுதா நின்றிருந்தாள். குட்டையான உருவம், ஜீன்ஸ், மேலே பூப்போட்ட சட்டை, தலையில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் பெட்டி இரண்டையும் நாங்கள் தூக்குவதற்குள் பிடுங்கிக்கொண்டு, "பசியாறிட்டீங்களா அக்கா?" என்றாள். பிறகு வந்த எல்லாக் காலையிலும் அதே கேள்விதான். இல்லை என்று சொன்னால் போச்சு, வண்டி நேராக ஏதாவது ஒரு கடை வாசலில் போய்த்தான் நிற்கும்.

அவள் கதையைச் சாலை நெரிசல்தான் எங்களுக்குச் சொன்னது. வண்டி நகராமல் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவாள். பிறந்தது காப்பாரில். பள்ளிக்கூடம் முடிந்ததும் கிள்ளான் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க உருப்பெருக்கிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, நகம் அளவுகூட இல்லாத சில்லுகளில் கீறல் தேடுகிற வேலை. இருபது வருடத்துக்கு மேல் தேடியிருக்கிறாள். ஒருநாள் முதலாளிகள் தொழிற்சாலையை வியட்நாமுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று அழுதபோது, இவள் நேராக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். கிடைத்த நஷ்ட ஈட்டில் ஒரு பழைய வேன். செந்தூலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் அதே வேனில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு எங்களைப் போல ஊர் சுற்ற வருகிறவர்கள்.

"வீட்டுக்காரர் லோரி ஓட்டினாரு. முகுந்தன். மூணு வருஷம் ஆச்சு, தூக்கத்துலயே போயிட்டாரு" என்று சொல்லி, கியரை மாற்றினாள். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள், சின்னவள் படிக்கிறாள். செந்தூலில் அடுக்குமாடி வீடு. இதையெல்லாம் அடுத்த வீட்டுக்காரர் கதை மாதிரித்தான் சொன்னாள்.

தன் கதையை இவ்வளவு சொன்னவள் எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை. எங்கள் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவள் முந்தானையைச் சரிசெய்வதற்குள் உனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டுவிடுவாள். இரண்டாம் நாள் இரவு படுக்கும்போது வாணி சொன்னாள்: "கவனிச்சியாடி? இந்தப் பொண்ணு இன்னும் என்கிட்ட 'வீட்டுக்காரர் என்ன பண்றார்'னு கேக்கலை." அவள் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாழ்நாளெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்தவள் அவள்.

மறுநாள் குமுதாவிடமே கேட்டேன். "கஸ்டமர் குடும்ப விஷயத்த நோண்டக் கூடாது லா அக்கா. முன்ன ஒருதடவை ஒரு அம்மாகிட்ட பிள்ளைங்க வரலியான்னு சும்மாதான் கேட்டேன். ஈப்போ வரைக்கும் அழுதுகிட்டே வந்தாங்க. அதோட வாய மூடிட்டேன். என் வேன் காடியில ஏறுறவங்க நிம்மதியா ஏறணும், நிம்மதியா எறங்கணும்" என்றாள். இவள் எவ்வளவு பெரிய மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கொள்கை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

வாணிக்குத் தெரியாமல் கேக் ஏற்பாடு செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரே அறை. நான் போனில் குசுகுசுத்தால் அவளுக்குத் தூக்கம் கலைந்துவிடும். பத்துமலை முருகன் கோயிலில்தான் வழி பிறந்தது. அவள் படியேறிப் போனாள். என் முழங்கால் என்னைக் கீழேயே உட்கார வைத்தது. குமுதா இளநீர் வாங்கி வந்தாள். அவசர அவசரமாகச் சொன்னேன்: "நாளன்னைக்கு வாணிக்கு அறுபதாவது பிறந்தநாள். அவளுக்குத் தெரியக் கூடாது. முட்டை போடாத கேக் வேணும். எங்கயாவது நல்ல இடத்துல வச்சு வெட்டணும்."

குமுதா துள்ளிவிட்டாள். "அறுபதா! சொல்லவே இல்லியே அக்கா! பொலே லா, செஞ்சிடலாம், எல்லாம் நான் பாத்துக்கிறேன். கிள்ளான்ல ரம்லத் அக்கா கேக் செய்வாங்க, முட்டை இல்லாம பஞ்சு மாதிரி இருக்கும். பழனியப்பன் அண்ணே கடையும் கிள்ளான்லதான், சைவக் கடை. நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, வந்து நின்னா போதும்."

"பெருசா எதுவும் வேணாம்மா" என்றேன்.

"அறுபதுக்கு சின்னதா செய்வாங்களா?" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாணி வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்துவிட்டாள். நான் இளநீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பிறந்தநாள் காலையில் நான் வாழ்த்துச் சொல்லவில்லை. மறந்துவிட்ட மாதிரி நடித்தேன். வாணியும் ஞாபகப்படுத்தவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, கொண்டுவந்ததிலேயே நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, "இங்க பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம ஓட்டலுக்குப் பக்கத்துலயே கோயில் இருக்காமே, போயிட்டு வரலாமா?" என்றாள். கோயிலில் அவள் வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். சாயங்காலம்வரை இவள் மனதை இப்படி நோகவிடத்தான் வேண்டுமா என்று எனக்கு இருந்தது. நல்ல வேளையாகக் குமுதாவின் குரல் செய்தி வந்தது. தள்ளிப் போய்க் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். "அக்கா, கேக் ரெடி. எல்லாரும் கரெக்டா வந்துருவாங்கதானே?" எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தானே. வருவோம் என்று பதில் போட்டேன்.

புடவைக் கடை பார்க்கலாம் என்று சொல்லி வாணியைக் கிள்ளானுக்குக் கிளப்பினோம். விளக்குப் போடும் நேரத்தில் பழனியப்பன் கடை வாசலில் எங்களை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு வருவதாகக் குமுதா போனாள். உள்ளே மூலையில் ஒரு மேசைக்குப் புது வாழையிலை விரித்திருந்தார்கள். நடுவில் இரண்டு நாற்காலிகளுக்கு மட்டும் ஜரிகை வைத்த சிவப்புத் துணி போர்த்தியிருந்தது. எனக்கும் சேர்த்தா மரியாதை என்று நான் ஒன்றில் உட்காரப் போனேன். பழனியப்பன் ஓடிவந்து, "அக்கா, அது வேற ஆளுக்கு. நீங்க இப்படி உக்காருங்க" என்று சாதாரண நாற்காலியை இழுத்துப் போட்டார். வாணி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தேன்.

குமுதா வந்தாள். உடை மாற்றியிருந்தாள், நீலப் பட்டுப் புடவை. ஒரு கையில் பெரிய கேக் பெட்டி. மற்றக் கையில், கனம் தாங்காமல் தொங்கிய இரண்டு ரோஜா மாலைகள். சட்டைப் பை இல்லாததால் இடுப்பில் செருகியிருந்த போனிலிருந்து கெட்டிமேளம் கொட்டியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். இரண்டு அடுக்குக் கேக், ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. உச்சியில் பட்டு வேட்டி கட்டிய ஒரு மாப்பிள்ளைப் பொம்மை, பக்கத்தில் கூரைப்புடவையில் ஒரு பெண் பொம்மை.

"மாப்பிள்ளை எங்கக்கா? ஏர்போர்ட்லேருந்து வர்ற வழியில ஜாம்ல மாட்டிக்கிட்டாரா?" என்றாள் வாணியைப் பார்த்து, முகமெல்லாம் பல்லாக.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எந்த வார்த்தை வாணியின் காதில் விழக் கூடாதென்று கடல் தாண்டி வந்தேனோ, அதைக் கெட்டிமேளத்தோடு கேட்க வைத்துவிட்டாளே! என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "உனக்கு அறிவு இருக்கா? யாரைக் கேட்டு இதெல்லாம் வாங்கினே? அவளுக்கு எங்கம்மா மாப்பிள்ளை? அவ கல்யாணமே பண்ணிக்கலை! ஒரு கேக்குதானே கேட்டேன், இப்படியா அவமானப்படுத்துவே?" என்று கத்திவிட்டேன். பரிமாற வந்தவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றார்.

குமுதா முதலில் போனை எடுத்து மேளத்தை நிறுத்தினாள். முகத்தில் ரத்தமே இல்லை. "மாஃப் அக்கா, மன்னிச்சிடுங்க. அறுபதுன்னு சொன்னீங்களா, நான் செஞ்ச அறுபது எல்லாமே ஜோடிதான். போன மாசம்கூட ஒரு திருச்சி குடும்பம், அம்மா முன்னாடி வந்துட்டாங்க, ஐயா கடைசி நாள்தான் சிங்கப்பூர்லேருந்து வந்து சேந்தாரு. இங்கயும் இவங்க வீட்டுக்காரர் பின்னாடி வருவாருன்னு நெனச்சிட்டேன். கேட்டிருக்கணும். நோண்டக் கூடாதுன்னு இருந்துட்டேன் லா" என்று கேக் பெட்டியை மூடப் போனாள்.

மூடப் போன கையை வாணி பிடித்தாள். "இரும்மா. மூடாத." பிறகு என்னிடம், "எனக்காடி? இதெல்லாம் எனக்கா? உனக்கு ஞாபகம் இருந்துச்சா?" என்றாள்.

"பின்னே எதுக்குடி உன்னை இங்க இழுத்துட்டு வந்தேன்?" என்றேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அழுகை வேறு வந்து சேர்ந்துகொண்டது.

வாணி கேக்கை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்தாள். உச்சியிலிருந்த மாப்பிள்ளையை இரண்டு விரலால் மெதுவாகப் பிடுங்கி, காலில் ஒட்டியிருந்த கிரீமை இலையின் ஓரத்தில் துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆளு லட்சணமாத்தான் இருக்கார். கொஞ்சம் லேட்டா வந்துட்டார்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். மாப்பிள்ளையைத் தண்ணீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நம்ம வீட்டு விருந்தாளி மாதிரி பாத்துக்க ராஜம், சாப்பிட ஏதாச்சும் குடு" என்றாள்.

அப்புறம் தானே போய்ச் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாலையைப் போடுங்க குமுதா. வாடிடப் போகுது."

குமுதா தயங்கித் தயங்கிப் போட்டாள். வாணி மாலையை இரண்டு கையாலும் பிடித்து மோந்து பார்த்தாள். "வி.ஆர்.எஸ். வாங்கின அன்னைக்குக்கூடச் சால்வைதான் போட்டாங்க. கழுத்துல மாலைங்கிறது இதுதான் முதல் தடவை" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. புதுச் சட்டை போட்ட பிள்ளை சொல்வதுபோலச் சொன்னாள். நான் பயந்ததெல்லாம் வீண். இவ்வளவு காலம் கூட இருந்தும் இவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ஒரு கேக்கோடு நிறுத்தியிருப்பேன். ஆளைத் தெரியாத குமுதா தப்பாகப் புரிந்துகொண்டு கொண்டுவந்து நிறுத்தியதுதான் சரியாக இருந்தது.

இன்னொரு மாலையைக் குமுதா பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தாள். "இத நாளைக்குக் கோயில்ல குடுத்துடுறேன் அக்கா."

வாணி கேட்டாள்: "உங்க வீட்டு அறுபதுக்கும் இதே மாதிரி ரோஜா மாலைதானா?"

குமுதாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "அது நடக்கல லா அக்கா. அவருக்கு அறுபது ஆக ரெண்டு மாசம் இருந்துச்சு. மண்டபம்லாம் பாத்து வச்சிருந்தோம். பூக்கடை அண்ணே பாவம், விஷயம் தெரியாம போன் பண்ணி, மாலை எத்தன மணிக்கு வேணும்னு கேட்டாரு." உதிர்ந்து கிடந்த இதழைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். "அதனாலதான் யாராச்சும் அறுபதுன்னு சொன்னா போதும், நான் கொஞ்சம் ஓவரா செஞ்சிடுறேன். மாலைய நானே நின்னு பாத்து வாங்குவேன்."

வாணி எழுந்தாள். பையிலிருந்து மாலையை உருவினாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் குமுதாவுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். "ஐயோ வேணாம் அக்கா. நான் போடக் கூடாது."

"நானும்தான் போடக் கூடாது" என்றாள் வாணி. "குனிம்மா."

கடையே பார்த்துக்கொண்டிருந்தது. குமுதா பழனியப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு தலை குனிந்தாள். மாலை விழுந்ததும் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. வாணி அவளை இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கத்தியை இரண்டு பேருமாகப் பிடித்துக் கேக்கை வெட்டினார்கள். முதல் துண்டை வாணி குமுதாவுக்கு ஊட்டினாள். அந்த ஊர்ப் பாண்டான் இலையின் வாசம் வீசிய கேக்கைச் செய்த ரம்லத் யாரென்று எனக்குத் தெரியாது. அவள் கை நன்றாக இருக்கட்டும்.

கணவர் குத்துக்கல் மாதிரி ஊரில் இருக்கிற எனக்குத்தான் அன்றைக்கு மாலை இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓரமாக நின்று படம் எடுத்தேன். குமுதாவிடம், "உன்னைத் திட்டினதை மனசுல வச்சுக்காத தாயி. நீ செஞ்சதை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்" என்றேன். அவளுக்குக் காதில் விழுந்ததோ என்னவோ, வாய் நிறையக் கேக்கை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். விழாமல் போயிருந்தால் இங்கேயும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உனக்கு நான் நன்றிக்கடன் பட்டவள், குமுதா.

திரும்பும்போது வாணி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். குமுதா ஓட்டுநர் இருக்கையில் மாலையோடே ஏறினாள். இருக்கை வாரைப் பூவுக்கு அடியில் நுழைத்து, நசுங்காமல் பார்த்துப் பார்த்து மாட்டினாள்.

"கழட்டிரேன்ம்மா, ஓட்ட இடைஞ்சலா இருக்குமே" என்றேன்.

"இருக்கட்டும் லா அக்கா" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள். "உங்கள விட்டுட்டு இப்படியே வீட்டுக்குப் போறேன். பிள்ளைங்க பாக்கட்டும்."